ஆறாவது முட்டை

மூன்றாவது முட்டையை விழுங்கிய பிறகும் தீனதயாளன் அதையேதான் சொன்னான்.

"பத்துக்குப் பத்துங்க மேடம்."

தனப்பிரியா சாக்பீஸோடு கரும்பலகை முன் நின்றாள். முதல் முட்டைக்குப் பத்து. இரண்டாவதற்குப் பத்து. இப்போது இதற்கும் பத்து. சரிந்து இறங்கியிருக்க வேண்டிய கோடு பைபாஸ் ரோடு மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

பாடம் சாதாரணமானதுதான். பொருளியலில் சேர்ந்தவர்களுக்கு முதல் மாதமே நடத்திவிடுவார்கள். ஒரே பண்டத்தைத் தின்னத் தின்ன, அடுத்தடுத்து வருவது தரும் திருப்தி குறைந்துகொண்டே போகும். யாரையாவது கூப்பிட்டு வரிசையாகத் தின்னக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் போதும். எவ்வளவு பசியோடு வந்தவனும் நான்காவதில் இறங்கி வந்துவிடுவான்.

அவள் அந்த நாமக்கல் கல்லூரியில் வேலைக்காக டெமோ வகுப்பு எடுத்துக் காட்ட வந்தவள். இருப்பது ஒரே ஒரு இடம். கடைசி பெஞ்சில் பிரின்சிபால் கையில் தாளோடு உட்கார்ந்திருந்தார். இதற்கு முன் நான்கு கல்லூரிகளில் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. இதுவும் போனால் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஜவுளிக்கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

லட்டு எடுத்துப் போ என்றாள் அம்மா. தனப்பிரியா கேட்கவில்லை. நாமக்கல் பிள்ளைகளுக்கு முட்டையை வைத்துச் சொன்னால்தான் மனதில் நிற்கும் என்று ஆறு முட்டைகளை அவித்து டிபன் பாக்ஸில் அடுக்கிக்கொண்டு சேலத்தில் பஸ் ஏறினாள்.

டிபன் பாக்ஸைத் திறந்ததும் வகுப்பில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தீனதயாளன் மட்டும் கடைசி பெஞ்சை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து வந்தான்.

நான்காவது முட்டை. பத்து.

பெண்கள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஐந்தாவதற்கு அவன் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அரை பாட்டில் தண்ணீர் குடித்தான். அதற்கும் பத்து.

யோசித்துச் சொல்லுப்பா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். கவலைப்படாதீர்கள் என்பதுபோல் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஆறாவதற்கும் பத்து என்றான். பிரின்சிபால் அதையும் எழுதிக்கொண்டார்.

உலகமெங்கும் செல்லுபடியாகிற விதி நாமக்கல்லில் செல்லவில்லை.

தீனதயாளன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். சிரிப்பை அடக்க முடியாமல் ஓடுகிறான் என்று நினைத்தாள். சொல்லி அனுப்புகிறோம் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டு, அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.

காலி டிபன் பாக்ஸோடு படியிறங்கும்போது அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நன்றாக நாலு கேட்டுவிடுவது என்று அவனைத் தேடிக்கொண்டு போனாள்.

பைக் ஸ்டாண்டுக்குப் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு, அவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

கேட்க நினைத்ததை மறந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"எங்கூட்டுல கோழிப்பண்ணைங்க. தெனமும் ஷெட்டுல முட்டை பொறுக்கிப் பொறுக்கி அந்த வாசமே ஆகறதில்லீங்க. வாயில வெச்சு அஞ்சாறு வருசமாச்சுங்க."

பிறகு ஏன் பத்து பத்து என்று சொன்னாய் என்று கேட்டாள்.

"நான் சொல்லச் சொல்ல பிரின்சிபால் எழுதிக்கிட்டே இருந்தாருங்களே. அது உங்களுக்குப் போடற மார்க்குன்னு நெனச்சுட்டனுங்க. எங்கக்காளும் இப்படித்தான் டெமோ டெமோன்னு அலையுதுங்க."

விதியில் ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொரு முட்டையும் முந்தையதைவிட மோசமாகத்தான் இருந்திருக்கிறது. அவன்தான் வெளியே சொல்லவில்லை.



அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, வேலை கிடைத்துவிடுமா மேடம் என்று கேட்டான்.

"பத்துக்குப் பத்து" என்றாள் தனப்பிரியா.