பச்சை மீன்

கன்னத்தில் அறை விழுந்தபோது அவள் வாயில் மீன் இருந்தது.

பச்சை மீன். உப்பில் ஊறியது. வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து, இந்த ஊர்க்காரர்கள் தின்பதைப்போலவே தின்று பார்க்கச் சொல்லி மீன்கடைக்காரன் கொடுத்தது. பாதி உள்ளே போயிருந்தது. மீதி வெங்காயத் துணுக்குகளோடு அவள் கழுத்தில் வழிந்து, கல் பாவிய தரையில் விழுந்தது.

புருஷனின் மோதிரம் உதட்டைக் கிழித்திருந்தது.

"அவங்கூட என்ன இளிப்பு உனக்கு?"

சென்னியப்பன் கத்தவில்லை. வீட்டிலும் கத்த மாட்டான்.

சற்று முன்னால், மீன் எப்படி இருக்கிறது என்று கடைக்காரன் கேட்டான். எங்கள் ஊரில் பூனைதான் இப்படிச் சாப்பிடும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவ்வளவுதான் நடந்தது.

சென்னியப்பனுக்கு நாமக்கல்லில் சிமெண்ட் ஏஜென்சி. அதிகம் விற்ற டீலர்களைக் கம்பெனி மனைவியோடு ஹாலந்துக்கு அனுப்பியிருந்தது. வந்த நாளிலிருந்து அவன் அவளுடைய ஆங்கிலத்துக்குப் பின்னால்தான் நடந்தான். ஓட்டலில், டிராமில், சீஸ் கடையில். சென்னிக்கு ஊட்டுக்காரிதான் வாய் என்று மற்ற டீலர்கள் கேலி பேசினார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு வெளிச்சத்தில், லைடன் நகரத்துச் சனிக்கிழமைச் சந்தையின் நடுவில் முடியும் என்றுதான் தெரியவில்லை.

இரண்டாவது அறை காதில் விழுந்தது.

சத்தங்கள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன.

தடுமாறி, சிவப்புத் தார் போட்ட சைக்கிள் பாதையில் விழுந்தாள். முன்பக்கப் பெட்டியில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்து வந்த ஒருத்தி பிரேக்கை அழுத்தினாள். சைக்கிள் ஒருக்களித்துச் சரிந்தது. பின்னால் கட்டியிருந்த பையிலிருந்து உருளைக்கிழங்குகள் சிதறின. ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

அவன் அவளுடைய சடையைக் கையில் சுற்றினான். இடுப்பில் உதைத்தான். எழுந்திரி என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் உதைத்தான்.

கூட வந்திருந்த டீலர்களில் மூத்தவர் அவன் தோளைத் தொட்டார்.

"விடு சென்னி. ரூமுக்குப் போயி வெச்சுக்கலாம்."

பிறகு அவரும் மற்றவர்களும் கால்வாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அங்கே அன்னம் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. அதைப் படம் எடுத்தார்கள்.

ரூமுக்கு.

ரூமுக்குக் கதவு உண்டு. தாழ்ப்பாளும் உண்டு.

நாமக்கல்லில் இந்தச் சத்தம் கேட்டால் மாடியில் நாத்தனார் டிவியைக் கூட்டி வைப்பாள். எதிர்வீட்டில் கதவைச் சாத்துவார்கள்.

இங்கே ஒரு சைக்கிள் நின்றது. பின்னால் இன்னொன்று. இன்னொன்று. காலை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். யாரும் கூச்சலிடவில்லை. யாரும் போகவும் இல்லை.

மீன்கடைக்காரன் கத்தியைப் பலகைமேல் வைத்தான். மீன் செதில் ஒட்டிய கையோடு கடையைச் சுற்றி வந்தான். சென்னியப்பனின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"டேய், எம் பொண்டாட்டிடா."

கடைக்காரனுக்கு அது புரியவில்லை. புரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டான். கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிக் கொண்டுபோய்க் கால்வாயோரத்து இரும்புக் கம்பியில் சாத்தினான். சென்னியப்பனின் கன்னம் கம்பியில் மோதியது. மூக்கிலிருந்து ரத்தம் தண்ணீரில் சொட்டியது. அவன் முனகினான்.

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

பயமாக இருந்தது. பிறகு பயமாக இல்லை. இன்னும் கொஞ்சம் முறுக்கட்டும் என்று தோன்றியது.

உருளைக்கிழங்குக்காரி தன் கழுத்துத் துணியை அவிழ்த்து, அவள் உதட்டில் வைத்து அழுத்தினாள்.

போலீஸ்காரியும் சைக்கிளில்தான் வந்தாள். மஞ்சள் சட்டை, நெடிய உருவம். முதலில் கடைக்காரனை விலகச் சொன்னாள். சென்னியப்பனை அந்தக் கம்பியோரமே நிற்கும்படி கைகாட்டினாள். பிறகு அவள் பக்கம் வந்து, ஈரத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். டாக்டரிடம், அம்மாவிடம், குழந்தைகளின் பள்ளிக்கூடத்தில் எல்லாம் சொன்னது. நாக்கில் தயாராகவே இருந்தது.

போலீஸ்காரி என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அதைத்தான் அத்தனை பேரும் பார்த்திருந்தார்களே. இந்த ஊர்க்காரர்களுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தாழ்ந்த குரலில், மெதுவான ஆங்கிலத்தில், நேராகக் கேட்டாள்.

பயமில்லாமல் இவரோடு திரும்பிப் போக உங்களால் முடியுமா?

காற்று அடித்தது. சந்தைப் பந்தல்களின் படுதாக்கள் படபடத்தன.

கம்பியோரத்திலிருந்து சென்னியப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டே குரல் கொடுத்தான்.

"என்னங்கறா அவ?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சட்டையைச் சரிசெய்துகொண்டு, தலையைக் கோதிக்கொண்டு நின்றிருந்தான். அவள் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தான். ஓட்டலிலும் டிராமிலும் காத்திருந்ததைப்போலவே.

"கேஸ் எழுதோணுமான்னு கேக்கறாங்க மாமா."

அவன் முகம் தெளிந்தது. போலீஸ்காரியைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தான். இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினான்.

"நோ, மேடம். நோ, நோ."

போலீஸ்காரி அவனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் துணியை உதட்டிலிருந்து எடுத்தாள்.

"நோ," என்றாள்.

கம்பியோரத்தில் அவன், அதுதான் சரி என்பதுபோலத் தலையாட்டினான்.