வீடியோவில் இன்னும் கொடுக்கவில்லை

நடக்க முடியாத மாசிலாமணிக்கு வட்டச் செயலாளர் மூன்று சக்கர வண்டி வழங்கினார். பாதியிலேயே போனில் பதிவு நின்றுவிட்டது.

"ஸ்டோரேஜ் ஃபுல்லுண்ணே" என்றான் படம் பிடித்த உதவியாளன்.

மறுபடி வழங்குவதற்காக மாசிலாமணியைத் தூக்கிக் கொதிக்கும் தார்ச்சாலையில் உட்காரவைத்தார்கள்.

"எதையாச்சும் அழிச்சிட்டு எடுய்யா."

"எல்லாம் உங்க பேச்சுதாண்ணே. எதை அழிக்க?"

செயலாளர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஏழைகளின் கண்ணீரைத் துடைக்கச் சபதமெடுத்த இடத்தில் அவருக்கே கண் கலங்கியது.

"யோவ், தொடை வேகுதுய்யா!"

"இருப்பா, ரெண்டு நிமிசப் பேச்சுதான் பாக்கி."

மாசிலாமணி கையூன்றித் தவழ்ந்து, சக்கரத்தைப் பற்றித் தானே ஏறி உட்கார்ந்தார்.

செயலாளர் பதறினார். "இறங்குய்யா! வீடியோவுல நான் இன்னும் குடுக்கவே இல்ல!"

மாசிலாமணி கைப்பெடலை ஓங்கிச் சுழற்றினார். வண்டி நேராகச் செயலாளரை நோக்கிப் புறப்பட்டது.