கடைசி இரண்டு மைல்

இந்த வருடமாவது லாடர் ஊருக்குள் பொய் இல்லாமல் நுழைய வேண்டும். மெல்ரோஸிலிருந்து பத்து மைலும் நடந்தே வந்ததாக எல்ஸ்பெத் ஒவ்வொரு கோடையிலும் அங்கிருக்கும் தங்கையிடம் சொல்கிறாள். கடைசி இரண்டு மைலை ஸ்ட்ரூவனின் பண்ணை வண்டியில்தான் கடக்கிறாள். இதோ, மழை விட்ட வெயிலில் மேய்ச்சல் நிலம் முழுக்க மினுங்குகிறது, எங்கோ உயரத்தில் வானம்பாடி விடாமல் பாடுகிறது, இரும்புக் கதவருகே அந்த வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் நாய் வழக்கம்போல் நகர்ந்து அவளுக்கு இடம் விடுகிறது.

"என்ன மகாராணி, இன்னைக்கு இவ்வளவு லேட்டு? ஏறு ஏறு. உன் முட்டி கத்துறது இங்க வரைக்கும் கேக்குது."

"அது உன் வண்டிச் சத்தம்."

"அட, யாருக்குத் தெரியப்போகுது? நான் சொல்ல மாட்டேன். இவன் குரைப்பான், அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. முட்டி உண்மையிலேயே வலிக்கிறது. நாய் விட்ட இடம் ஈரமில்லாமல், கதகதப்பாகத் தெரிகிறது. பையில் மிஞ்சிய ஓட்ஸ் பிஸ்கட்டை நாய்க்குக் கொடுக்கிறாள். இரும்புக் கதவைத் திறந்து அந்தப் பக்கம் போய், மறக்காமல் கொக்கியை மாட்டுகிறாள்.

"இல்ல ஸ்ட்ரூவன்," என்கிறாள் மெதுவாக. "நீ போ."