இரண்டு மூக்கு எஞ்சின்

“வயரத் தொட்டுறாதீங்க மாமா, கரண்டு ஓடுது!”

கிருஷாந்தி கத்தியதும் மூக்கன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வட்டகொடை ரயில் நிலையத்துத் தண்டவாளத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

“நெசமான எஞ்சினுக்கே அசராதவன் நான். இந்தத் தீப்பெட்டி ரயிலா என்னைக் கொல்லப் போகுது?” என்று சமாளித்தார்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தங்கள் ஒற்றை அறையில் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திவிட்டு, தரை முழுக்க ஒரு மலையை எழுப்பியிருந்தாள் கிருஷாந்தி. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் காடாக நின்றன. உச்சியில் சலவைத்தூள் பனியாகக் கிடந்தது. பாதை நெடுகக் குடைக்கம்பிகள் மின்கம்பங்களாக நிற்க, அவற்றின்மேல் மயிரிழை போலச் செம்புக் கம்பி. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு மூன்று வருடமும் இதற்குத்தான் போனது.

ருமேனியாவில் ரயில் லைனில் வேலை என்றிருந்தார் அப்பா. அங்கிருந்து போனில் அவர் சொன்னது அத்தனையும் அங்கே இருந்தது. இரண்டு பக்கமும் மூக்கு நீண்ட எஞ்சின். வயிற்றுக்கடியில் பல் சக்கரம் வைத்து மலையைக் கடித்துக் கடித்து ஏறும் எஞ்சின். பனியைத் தள்ள முகத்தில் கலப்பை கட்டிய எஞ்சின். படம் எடுக்க அங்கே விடமாட்டார்கள் என்று அப்பா சொன்னதால், எல்லாம் காதால் கேட்டுச் செய்தவை.

அப்பா சுதாகரன் நேற்றுத்தான் ஊர் வந்திருந்தார். அவர் சரி என்று சொன்னால்தான் அட்டன் நகரக் கண்காட்சிக்கு இதை அனுப்புவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள் கிருஷாந்தி. பார்க்காத பாதையைப் பிழையாகச் செய்துவிட்டு நாலு பேர் முன்னால் போய் நிற்க அவளால் முடியாது. கண்காட்சிக்குச் சாமான் ஏற்றும் லொறி இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

“ஓட விடு பிள்ள,” என்றாள் அம்மா பூரணம்.

கிருஷாந்தி சுவிட்சைத் தட்டினாள்.

எஞ்சின் தலையில் கொண்டை ஊசியால் செய்த கொம்பு செம்புக் கம்பியைத் தடவியது. சின்னதாக ஒரு நீலப்பொறி. புகையில்லை, இரைச்சலில்லை. மூன்று பயணிகள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இரண்டு மூக்கு எஞ்சின் மலையேறியது. பெட்டி ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. வாசலை அடைத்து நின்ற லயத்துச் சனம் மூச்சுவிட மறந்து பார்த்தது.

“அடியாத்தே, இது போகுதா வருதா? ரெண்டு பக்கமும் மூஞ்சி!” என்றாள் பூரணம்.

“மூக்கன்னு பேரு வச்ச எனக்கே ஒரு மூக்குத்தான்!” என்றார் மூக்கன். சிரிப்பு அடங்கியதும் சுதாகரன் பக்கம் திரும்பினார். “ஏன் தம்பி, அங்க கம்பியில எத்தன வோல்ட்டு?”

“அது... பெரியாளுங்க பாக்குற வேலைண்ணே.”

“நாலு வருசம் இருந்துட்டு இதக்கூடக் கேக்கலியா? நல்ல ரயில்காரன் போ!”

சுதாகரன் குந்தி உட்கார்ந்து கண் இமைக்காமல் ரயிலையே பார்த்தார். அது உயரமான பாலத்தின் நடுவில் போய் நின்றது.

“ஐயோ, நின்னுருச்சே!” என்று பதறினார்.

“நான்தான் நிறுத்துனேன். பாலத்துல நின்னு மணியடிச்சுட்டுத்தான் போகும்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?”

“ஆமா... ஆமா, சொன்னேன்.”

கிருஷாந்தி குட்டிச் சலங்கையை ஆட்டினாள். ரயில் மறுபடி நகர்ந்து, பனிமலையைச் சுற்றி வந்து நின்றது. கீழே ரோட்டில் லொறி ஹார்ன் அடித்தது. சாமானைத் தூக்க ஆள் கூட்டிவருவதாகச் சொல்லி மூக்கன் இறங்கிப் போக, கூட்டமும் பின்னாலேயே போனது.

“எங்க பிழைன்னு சொல்லுங்கப்பா. பிழைன்னா லொறியத் திருப்பி அனுப்பிடுறேன்.”

சுதாகரன் எஞ்சினின் மூக்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நீ செஞ்சதுல ஒரு பிழையும் இல்லம்மா. போன புதுசுல, ‘லைன்ல வேல கெடைச்சிருச்சு’ன்னு சொன்னேன்ல? அது பிஸ்கட் பேக்டரி லைனு. பெட்டியில பிஸ்கட் அடுக்குற வேல. ‘ரயில் லைனாப்பா, கரண்டு ரயிலா’ன்னு நீ துள்ளிக்கிட்டுக் கேட்டியா... இல்லன்னு சொல்ல வாய் வரல.”

லொறி மறுபடி ஹார்ன் அடித்தது.

“லொறிக்காரனத் திருப்பி அனுப்பாத, அஞ்சு நிமிசம் நிக்கச் சொல்லு. இன்னொருக்கா ஓட விடும்மா,” என்றார் அப்பா. “நான் கரண்டு ரயில் பாக்குறது இதுதான் மொதத் தடவ.”