வியாழக்கிழமைத் தேடல்

நோலீனால் பொதுமக்கள் வரிசையில் உட்கார முடியவில்லை. நகரசபைக் கூட்டம் தொடங்கி அரை மணிதான் ஆகியிருந்தது. அதற்குள் நாலு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டாள்.

ஊர் கிளப்பில் போக்கி எனும் சூதாட்ட மெஷின்கள் நள்ளிரவோடு அடங்கிவிடும். விடிகாலை நாலு வரை ஓட்ட அனுமதி கேட்டு வந்திருந்தார் மேனேஜர் ரஸ்ஸல். இன்றே ஓட்டெடுப்பு.

இன்று வியாழன், இறைச்சி ஆலையில் வாரச் சம்பள நாள். அவள் கணவன் கிளைவ் இந்நேரம் எங்கோ ஒரு மெஷின் முன்னால் பட்டனைத் தட்டிக்கொண்டிருப்பான். நாலு மணி என்று முடிவானால் தன் குடித்தனம் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும்.

ரஸ்ஸல் சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். இந்த ஊர்க்காரர்கள் இணையத்தில் எதைத் தேடுகிறார்கள் என்ற கணக்கு. பெயர் வராதாம், ஊரும் நேரமும் மட்டும்தானாம். 'இப்போது எங்கே போக்கி திறந்திருக்கிறது' என்று தேடுவதில் மாநிலத்திலேயே இவர்கள்தான் முதலிடம். வியாழன்தோறும் மாலை ஆறு மணிக்கு மேல் கோடு விறுவிறுவென்று ஏறியது.

மக்கள் இத்தனை ஆசையாகத் தேடும்போது கதவைச் சாத்துவது பாவம் என்றார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஆட்டத்தான் செய்வார்கள், பாதிப்பேர் அங்கேயே பழியாகக் கிடப்பவர்கள். மேயரம்மா டெல்மா மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நோலீனுக்கு முகம் எரிந்தது. தன் வீட்டு அழுக்குத் துணியை யாரோ அந்தச் சுவரில் காயப்போட்டதுபோல் இருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும். ரஸ்ஸல் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

"கூச்சப்படாதீங்க. தேடினவங்க சும்மா கையத் தூக்குங்க," என்றார் சிரித்தபடி.

ஒருவரும் அசையவில்லை. பிறகு நோலீன் கையைத் தூக்கினாள்.

"நான் தேடினேன், வாரா வாரம். எந்தெந்த இடம் தொறந்திருக்குன்னு பாத்து, ஒவ்வொண்ணா போன் பண்ணி, என் புருஷன் அங்க இருக்காரான்னு கேப்பேன். ஆடுறவங்க எதுக்குத் தேடணும் ரஸ்ஸல்? அவங்களுக்குத்தான் வழி தெரியுமே."

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. ஜன்னலோரம் இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. அதில் ஓர் ஆணின் கைகூட இல்லை.

ஓட்டெடுப்புக்கென்று பேனாவை எடுத்திருந்த மேயர் டெல்மா அதை மூடிக் கீழே வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் தன் கையையும் தூக்கினார்.