கழுதை இடித்த கார்

“கழுதை இடிச்சாலென்ன, யானை இடிச்சாலென்ன காணும்? நெளிஞ்ச தகரத்தைத் தட்டி, மேலால பூசி மெழுகி, பெயின்ற் அடிச்சுத் தாரும். வெள்ளிக்கிழமைக்குள்ள கார் வேணும்.”

எங்கள் தெரு நவரத்தினம் ஐயா கத்தியது கராஜைத் தாண்டித் தெரு முழுக்கக் கேட்டது. ஓய்வுபெற்ற அரசாங்கக் கந்தோர் மனிதர். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.

காருக்கு அடியில் கிடந்த மெக்கானிக் யோசேப் பாஸும் விட்டுக்கொடுக்கவில்லை.

“இது பழைய ஜீப் இல்லை ஐயா, தகரத்தை மட்டும் பார்க்க. இதுக்கு அடியில தனிச் சட்டம் கிடையாது, இந்த உடம்புதான் எலும்பும். மூலையில பட்ட அடி உள்ளுக்க ஓடியிருக்கு. சங்கிலி போட்டு இழுத்து நேராக்காட்டி வண்டி ஒரு பக்கமாத்தான் போகும். எனக்கு ஒரு மாதம் வேணும்.”

வெளியே வந்து, மூலைக்கு மூலை நாடா பிடித்து அளந்தும் காட்டினார். ஒரு பக்கம் இரண்டு சென்ரிமீற்றர் குறைவு. ஐயா இடப்பக்க முன்கதவை அடித்துச் சாத்தினார். அது பூட்டாமல் திரும்பி வந்தது.

நான் அங்கே எங்கள் சேவலைத் தேடிப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் சேவல் கிடையாது. யாரும் கேட்கவில்லை.

கார், ஐயாவின் மகள் சுவேதினிக்குச் சீதனம். கலியாணம் இன்னும் பன்னிரண்டு நாளில் திருக்கேதீஸ்வரத்தில். சாதகம் பொருந்திவிட்டது, இனிக் கார்தான் பொருந்த வேண்டும். அதைப் பார்க்க மாப்பிள்ளையின் மாமன் வெள்ளிக்கிழமை வவுனியாவிலிருந்து வருகிறார். வாகனம் வாங்கி விற்கிற மனிதர்.

சுவேதினிக்கு மட்டக்களப்பில் தாதி நியமனம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேலை வேண்டாம் என்றார்கள். கடிதம் அலுமாரிக்குள் போனது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் காரை வெளியே எடுத்தாள். கழுதை குறுக்கே வந்தது.

மன்னாரில் நெளிந்த கார் எல்லாவற்றையும் கழுதைதான் இடித்திருக்கும். மறுத்துச் சொல்ல எந்தக் கழுதையும் வருவதில்லை. இதற்குக் கண்ணால் கண்ட சாட்சியும் இருந்தது: நான். கறுப்புக் கழுதை, ஒரு காது அறுந்தது. ஆறு வீட்டுக்குச் சொன்னேன். ஏழாவது வீட்டுக்குப் போனபோது அதற்கு ஒரு குட்டியும் இருந்தது.

மாமனின் தொலைபேசி அழைப்பு வர, ஐயா குரலை இனிப்பாக்கிக்கொண்டு வெளியே போனார். தகப்பனுக்குத் தேநீர் கொண்டுவந்த சுவேதினி காரருகே நின்றாள். யோசேப் பாஸ் பம்பரைக் கழற்றினார். உள்ளே தகட்டில் இரண்டு மடிப்பு, ஒன்றின்மேல் ஒன்று.

“தங்கச்சி,” என்றார் மெதுவாக. “ரெண்டாவது அடிக்கும் அந்தக் கழுதை அதே இடத்திலயோ நிண்டது?”

சுவேதினி என்னைப் பார்த்தாள். நான் சேவலைத் தேடினேன்.

பாஸ் கையைத் துடைத்தார். ஐயா திரும்பி வந்ததும், அவ்வளவு நேரம் மல்லுக்கட்டிய மனிதர், “சரி ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே தட்டிப் பூசித் தாறன்” என்றார்.

ஐயா வென்றவராக வீட்டுக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை ஐயா வீட்டு வாசலில் கார் புதுக் காராகப் பளபளத்தது. கீலைத் திருகிக் கதவையும் பூட்டவைத்திருந்தார் பாஸ். மாமன் ஏறினார், மெதுவாகக் கொஞ்சத் தூரம் ஓட்டினார், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். கார் தானாக இடப்பக்கம் ஒதுங்கி, பழகிய இடத்துக்குப் போவதுபோல எங்கள் கேற்றடியில் போய் நின்றது.

மாமன் இறங்கினார். தேநீர் குடிக்காமலே வவுனியாவுக்குப் போனார்.

ஐயாவால் பாஸை ஏசவும் முடியவில்லை. அவர் என்ன வேலை கேட்டாரென்று தெருவே கேட்டிருந்ததே.

மாப்பிள்ளை அடுத்த வைகாசியில் செட்டிகுளத்தில் வேறு பெண்ணைக் கட்டினார். அங்கே சீதனமாக வான் வண்டி கொடுத்தார்களாம். யோசேப் பாஸ் ஒரு மாதம் எடுத்து, சங்கிலி போட்டு இழுத்து, காரை மூலைக்கு மூலை சரியாக்கினார். சுவேதினி மட்டக்களப்புக்கு வேலைக்குப் போனாள், அதே காரில், தானே ஓட்டிக்கொண்டு.

போகிற அன்று எங்கள் வாசலில் நிறுத்தி, பின்பக்கத்தைத் திறந்து, ஒரு பை சீமெந்தை இறக்கி வைத்தாள்.

சாய்ந்து நின்ற எங்கள் கேற்றுத் தூணை அதில்தான் நிமிர்த்திக் கட்டினோம். அதையும் அந்த ஒற்றைக் காதுக் கழுதைதான் இடித்தது என்று ஏழு வீட்டுக்கும் சொல்லியிருக்கிறேன்.