சிரிப்பை நிறுத்திப் பார்த்தால்

ஒலிப்பதிவு அறையின் திரையில் அந்தக் கார்ட்டூன் குடும்பம் மறுபடி சாப்பிட உட்காருகிறது. உப்பில்லை என்று புருஷன் வாணலியால் மனைவியின் தலையில் போடுகிறான். அவள் கண்கள் பிதுங்க, தலையைச் சுற்றி நட்சத்திரங்கள் பறக்கின்றன. பதிவு செய்து வைத்த கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. அந்த மனைவிக்கு ஒரு காலத்தில் குரல் கொடுத்தவள்தான் இப்போது மைக் முன்னால் நிற்கிறாள். இந்த வருஷம் அவளுக்கு வந்திருக்கும் ஒரே வேலை இது. பழைய நாடாவில் அவள் அலறல் தேய்ந்துவிட்டதாம், புதிதாக அலற வேண்டுமாம். “அதே ‘ஐயோ, என்னங்க!’தான் வேணும்க்கா. கொஞ்சம் கொஞ்சலா,” என்கிறார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர். “அடி வாங்கறப்போ யாருப்பா கொஞ்சுவா?” “அட, பொம்மைதானேக்கா!” “சரி, அந்தச் சிரிப்ப மட்டும் நிறுத்திட்டு ஒரு தடவ போடச் சொல்லு.” ஒலிப்பொறியாளர் ஒரு பொத்தானை அழுத்திச் சிரிப்பை அணைக்கிறார். இரும்பு மண்டையில் மோதுகிறது. அவளுடைய இளங்குரல் கெஞ்சுகிறது. வேறு சத்தமே இல்லை. ஒலிப்பொறியாளர் திரையை விட்டுத் தன் விரல்களைப் பார்க்கிறார். டைரக்டர் டீக் கோப்பையில் ஒட்டிய பாலாடையை நகத்தால் வழித்தபடி, “சப்புனு இருக்கே. சிரிப்பப் போடுப்பா,” என்கிறார். அவள் மைக்கை விட்டு விலகுகிறாள். “வேற ஆளப் பாத்துக்கோ தம்பி. எனக்குக் குமட்டுது.” ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் மல்லாத்தி வைக்கிறாள். அவள் வெளியேற, கதவு சாத்திக்கொள்கிறது. ஹெட்போனின் இரண்டு கிண்ணங்களிலும் அந்தச் சிரிப்பு ஈக்கூட்டம்போல் மொய்த்துக்கொண்டே இருக்கிறது.